இணைப்புப் பலகை (ஒலிப்பதிவு)

இணைப்புப் பலகை என்பது ஒலிப்பதிவுக் கூடம், வானொலி நிலையம், நாடக அரங்கம் முதலிய இடங்களில் உள்ள ஒலிக்கருவிகளின் உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் ஓரிடத்தில் வரிசையாகத் திரட்டி வைக்கும் துளைப் பலகை ஆகும். ஒலிப்பதிவுத் துறையினர் இதனைப் பேட்ச் பே என்றே அழைக்கின்றனர். கருவிகளின் பின்புறத்துக்குச் சென்று கம்பிகளைக் கழற்றி மாட்டாமல், பலகையின் முன்புறத்தில் உள்ள இரு துளைகளைச் சிறு கம்பி ஒன்றால் இணைத்து, ஒலிச் சைகை செல்லும் வழியை மாற்றிக்கொள்ள இது உதவுகிறது.

கம்பிகளை மாற்றுவதற்கான கருவியாக இது கருதப்பட்டாலும், நன்கு திட்டமிடப்பட்ட பலகையில் அன்றாட வேலைக்குக் கம்பி எதுவும் தேவைப்படுவதில்லை. வழக்கமான இணைப்புகள் யாவும் பலகையின் உள்ளேயே அமைந்திருக்கும். வழக்கத்திலிருந்து விலகும்போது மட்டுமே முன்புறத்தில் கம்பி செருகப்படும். எனவே இணைப்புப் பலகையை, ஒரு கூடத்தின் வழக்கமான வேலைமுறையைக் கம்பிகளால் எழுதி வைத்த ஆவணம் எனலாம்.

பெயர்

ஆங்கிலத்தில் பேட்ச் என்னும் சொல் ஒட்டுப்போடுதலைக் குறிக்கும். தற்காலிகமாக இரு முனைகளை இணைப்பதால் இணைப்புக் கம்பிக்குப் பேட்ச் கார்டு என்னும் பெயர் ஏற்பட்டது. வானொலி நிலையங்களில் இப்பலகை ஜாக் பீல்டு எனவும் வழங்கும். 1964 இல் இராபர்ட் மூக் உருவாக்கிய மின்னிசைத் தொகுப்பியில் ஒவ்வொரு ஒலிநயமும் இத்தகைய கம்பிகளை மாற்றிச் செருகியே உருவாக்கப்பட்டது. கம்பிகளே இல்லாத இன்றைய விசைப்பலகை இசைக்கருவிகளிலும் சேமித்து வைத்த ஒலிநயத்தைப் பேட்ச் என்று அழைப்பது இதன் எச்சமாகும்.

வரலாறு

இணைப்புப் பலகையின் மூலம் தொலைபேசி இணைப்பகம் ஆகும். வணிக முறையிலான முதல் தொலைபேசி இணைப்பகம் 1878 சனவரி 28 அன்று அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவன் நகரில் செயற்படத் தொடங்கியது. இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1881–82 காலப்பகுதியில் இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. அழைப்பவரின் இணைப்பையும் அழைக்கப்படுபவரின் இணைப்பையும் இணைப்பக ஊழியர் ஒருவர் கம்பியால் கைமுறையாக இணைத்து வைத்தார். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறையினருக்கு இம்முறை நேரடியாகத் தெரிந்ததே.

இன்று ஒலித்துறையில் பயன்படும் 6.35 மில்லிமீட்டர் (கால் அங்குலம்) செருகி, அத்தொலைபேசிப் பலகைகளின் செருகியிலிருந்து வந்ததாகும். அதன் மூன்று பகுதிகளும் முறையே முனை, வளையம், உறை எனப்படும். இங்கு வளையம் என்பது செருகியின் நடுவில் உள்ள வளைய வடிவ உலோகப் பட்டையைக் குறிக்கிறது.

வானொலி நிலையங்கள் தோன்றியபோது, பல அறைகளிலிருந்து வரும் ஒலியை வேண்டியவாறு பரப்பிக்கு அனுப்பும் தேவை எழுந்தது. அதற்குத் தொலைபேசித் தொழில்நுட்பமே ஆயத்தமாக இருந்தது. அங்கிருந்து இசைத்தட்டு, திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் இது பரவியது. ஓர் இசைக்குழு முழுவதும் ஒரே நேரத்தில் வாசிக்க ஒரே தடவையில் பதிவு செய்த காலம் மாறி, பல தடங்களில் தனித்தனியே பதிவு செய்யும் முறை வந்தபின், ஒரு கூடத்தில் இணைக்க வேண்டிய முனைகளின் எண்ணிக்கை பன்மடங்காகியது. பெரிய ஒலிக்கலவை மேசை உள்ள கூடம் ஒன்றில் பல நூறு துளைகள் கொண்ட பலகைகள் இருப்பது இயல்பு.

அமைப்பு

இணைப்புப் பலகை பொதுவாக 19 அங்குல (482.6 மில்லிமீட்டர்) அகலமுள்ள அடுக்குச் சட்டத்தில் பொருத்தப்படும். முன்புறத்தில் மேல் வரிசை, கீழ் வரிசை என இரு துளை வரிசைகள் இருக்கும். மேல் வரிசையில் கருவிகளின் வெளியீடுகளும் கீழ் வரிசையில் உள்ளீடுகளும் வைக்கப்படுவது உலகெங்கும் பின்பற்றப்படும் மரபாகும். ஒலி மேலிருந்து கீழாகப் பாய்கிறது என்று நினைவிற்கொள்வது எளிது.

துளைகளின் அளவைப் பொறுத்து இருவகைப் பலகைகள் பெரும்பாலும் பயன்படுகின்றன.

1. கால் அங்குலப் பலகை: 6.35 மில்லிமீட்டர் செருகியை ஏற்பது. வரிசைக்கு 24 வீதம் 48 துளைகள் கொண்டது. விலை குறைவானது. பின்புறத்திலும் அதே வகைத் துளைகள் உள்ள பலகைகள் கிடைப்பதால் பற்றாசு வைக்கும் வேலை இல்லை. வீட்டுக் கூடங்களுக்கு ஏற்றது.

2. பான்டம் பலகை: டிடி எனவும் வழங்கும். ஏறத்தாழ 4.4 மில்லிமீட்டர் செருகியை ஏற்பது. வரிசைக்கு 48 வீதம் 96 துளைகளை ஏறத்தாழ அதே இடத்தில் அடக்குவது. தொழில்முறைக் கூடங்களில் மிகுதியாகக் காணப்படுவது.

ஒலிபரப்புத் துறையில், கால் அங்குல விட்டமும் சிறிய முனையும் உடைய தொலைபேசிவகைச் செருகி ஒன்றும் உண்டு. தோற்றத்தில் இது இசைக்கருவிச் செருகியை ஒத்திருந்தாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. இசைக்கருவிச் செருகியைத் தொலைபேசிவகைத் துளையில் செருகினால் உள்ளிருக்கும் வில்தகடுகள் வளைந்து பழுதாகும்.

இயல்பிணைப்பு

இணைப்புப் பலகையின் அடிப்படைக் கருத்து இயல்பிணைப்பு ஆகும். இது தொழில்முறையில் நார்மல் எனப்படும். ஒவ்வொரு துளையின் உள்ளும், செருகி நுழையும்போது விலகும் தொடுகைத் தகடுகள் உள்ளன. செருகி இல்லாத நிலையில் மேல் துளையின் ஒலி இத்தகடுகள் வழியாக நேர்கீழ் உள்ள துளைக்குச் செல்லும். இதில் நான்கு வகைகள் உள்ளன.

முழு இயல்பிணைப்பு: மேல் துளை, கீழ் துளை ஆகிய இரண்டில் எதில் செருகினாலும் உள்ளிணைப்பு அறுபடும். ஒலிவாங்கித் தடம் போல, ஒரு வெளியீட்டை இரு உள்ளீடுகளுக்குப் பகிரக்கூடாத இடங்களில் இது பயன்படும்.

அரை இயல்பிணைப்பு: கீழ் துளையில் செருகினால் மட்டும் உள்ளிணைப்பு அறுபடும். மேல் துளையில் செருகினால் ஒலி பழைய வழியிலும் சென்று, புதிய கம்பியிலும் செல்லும். பெரும்பாலான தடங்களுக்கு இதுவே ஏற்றது.

திறந்த அமைப்பு: மேல் துளைக்கும் கீழ் துளைக்கும் தொடர்பே இராது. கம்பி செருகினாலன்றி ஒலி எங்கும் செல்லாது.

பன்மடி இணைப்பு: மல்ட் எனப்படுவது. பல துளைகள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு வெளியீட்டைப் பல உள்ளீடுகளுக்குப் பகிர இது பயன்படும்.

ஒலியைப் பகிரலாம், கலக்கக் கூடாது

ஒரு வெளியீட்டை இரு உள்ளீடுகளுக்குப் பகிர்வதால் கேடில்லை. இரு வெளியீடுகளை ஒரே உள்ளீட்டில் சேர்ப்பது தவறாகும். இதற்கான காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். ஒரு கருவியின் வெளியீட்டு மின்மறுப்பு 100 ஓம் எனவும், அடுத்த கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு 10,000 ஓம் எனவும் கொள்வோம். ஒரு வெளியீட்டை இத்தகைய இரு உள்ளீடுகளுக்குப் பகிர்ந்தால் கூடுதலாக ஏற்படும் ஒலிமட்ட இழப்பு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு. காது இதனை உணராது.

மாறாக, இரு வெளியீடுகளைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் மற்றொன்றின் 100 ஓமைச் சுமையாகக் காணும். மின்னழுத்தம் பாதியாகிவிடும்; அதாவது 6 டெசிபெல் குறையும். வெளியீட்டுச் சுற்றுகள் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை வழங்க முயல்வதால் ஒலியும் சிதையும். ஒலிகளைக் கலக்க ஒலிக்கலவை மேசையையே பயன்படுத்த வேண்டும்.

கம்பியிடுதல்

தொழில்முறைக் கூடங்களில் சமனிலைச் சுற்று பயன்படுகிறது. இதில் ஒரே ஒலி இரு கம்பிகளில் எதிரெதிர் முனைவுகளில் செல்லும். வழியில் இரு கம்பிகளிலும் சமமாகப் படியும் இரைச்சலை, பெறும் கருவி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து நீக்கிவிடும். கம்பிகளைச் சுற்றிக் காப்பு வலை இருக்கும். இணைப்பு முறை பின்வருமாறு:

முனை: நேர்க்கம்பி. எக்ஸ்எல்ஆர் இணைப்பியில் 2 ஆம் ஊசி.
வளையம்: எதிர்க்கம்பி. எக்ஸ்எல்ஆர் இணைப்பியில் 3 ஆம் ஊசி.
உறை: காப்பு வலை. எக்ஸ்எல்ஆர் இணைப்பியில் 1 ஆம் ஊசி.

ஒரு தடத்தில் மட்டும் 2 ஆம் ஊசியும் 3 ஆம் ஊசியும் இடம் மாறிவிட்டால் ஒலி நின்றுவிடாது. முனைவு மட்டும் தலைகீழாகும். அத்தடத்தைத் தனியே கேட்கும்போது குறை தெரியாது. அதே ஒலியைப் பெறும் மற்றொரு ஒலிவாங்கியின் தடத்துடன் கலக்கும்போதுதான் ஆழ்ந்த ஒலிகள் மெலிந்துபோவது புலப்படும். எனவே பற்றாசு வைத்த ஒவ்வொரு கம்பியையும் பன்னோக்கு அளவி கொண்டு ஊசிக்கு ஊசி சோதிக்க வேண்டும்.

எட்டுத் தடங்களை ஒரே இணைப்பியில் கொண்டுவர 25 ஊசிகள் கொண்ட டிபி-25 இணைப்பி பரவலாகப் பயன்படுகிறது. டாஸ்காம் முறை எனப்படும் அமைப்பில் முதல் தடத்தின் நேர்க்கம்பி 24 ஆம் ஊசியிலும், எதிர்க்கம்பி 12 ஆம் ஊசியிலும், காப்பு வலை 25 ஆம் ஊசியிலும் அமையும். எட்டாம் தடத்துக்கு இவை முறையே 1, 14, 2 ஆகும். 13 ஆம் ஊசி பயன்படுவதில்லை. டிபி-25 இணைப்பியில் ஊசிகளை வேறு வகையாகப் பங்கிடும் கருவிகளும் உள்ளமையால், வாங்குமுன் கையேட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பற்றாசு வைக்கும்போது கம்பியையும் தகட்டையும் ஒருசேரச் சூடாக்கி, அச்சூட்டிலேயே பற்றாசு உருகிப் பரவச் செய்ய வேண்டும். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கொண்ட பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். நீண்ட நேரம் சூடாக்கினால் துளையின் நெகிழிப் பகுதி இளகித் தகடுகள் இடம் பெயரும். வேலை முடிந்தபின் கம்பிக் கற்றைகளைத் தனித்தனியே கட்டி, அவற்றின் எடை பற்றாசின்மேல் விழாதவாறு பலகையின் பின்னுள்ள தாங்குகோலில் பிணைக்க வேண்டும்.

புவியிணைப்பு

இந்தியாவில் மின்வழங்கலின் அலைவெண் 50 ஹெர்ட்சு ஆகும். ஒலித்தடத்தில் 50 அல்லது 100 ஹெர்ட்சு அளவில் முரலும் ஒலி கேட்டால், பெரும்பாலும் புவியிணைப்பு வளையம் ஏற்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். இரு கருவிகள் மின்செருகியின் வழியாகவும் காப்பு வலையின் வழியாகவும் இரு முறை புவியுடன் இணையும்போது இவ்வளையம் உண்டாகிறது. கூடத்தின் கருவிகள் அனைத்துக்கும் ஒரே மின்பகிர்வுப் புள்ளியிலிருந்து மின்சாரம் எடுப்பதும், தேவைப்படும் தடங்களில் காப்பு வலையை ஒரு முனையில் மட்டும் இணைப்பதும், தனிப்படுத்தும் மின்மாற்றியைப் பயன்படுத்துவதும் இதற்குத் தீர்வுகளாகும்.

முரலொலியை நிறுத்துவதற்காகக் கருவியின் மின்செருகியில் உள்ள மூன்றாவது ஊசியைத் துண்டிப்பது சிலரிடம் காணப்படும் பழக்கம். இது உயிருக்கு ஆபத்தானது. அந்த ஊசி பாதுகாப்புக்கான புவியிணைப்பாகும். அது இல்லாத கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், ஒலிவாங்கியைத் தொடும் பாடகர் வழியாக மின்சாரம் பாயக்கூடும்.

எடுத்துக்காட்டு: வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு

நாஞ்சில் நாட்டின் கோயில் கொடை விழாக்களில் பாடப்படும் வில்லுப்பாட்டை எட்டு ஒலிவாங்கிகளால் பதிவு செய்யும் சிறு கூடம் ஒன்றைக் கொள்வோம். முதன்மைப் பாடகர், பின்பாட்டுப் பாடுவோர், வில், உடுக்கை, குடம், சால்ரா, கட்டை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றும், அறையின் பொதுவான ஒலிக்கு ஒன்றும் ஆக எட்டு. ஒலிவாங்கிகள் நேராக முன்பெருக்கிகளில் இணைக்கப்பட்டுள்ளன. 48 துளைகள் கொண்ட பலகையை இவ்வாறு பங்கிடலாம்:

1 முதல் 8 வரை: மேலே முன்பெருக்கிகளின் வெளியீடுகள், கீழே கணினி ஒலி இடைமுகத்தின் உள்ளீடுகள். அரை இயல்பிணைப்பு.

9 முதல் 16 வரை: மேலே ஒலி இடைமுகத்தின் வெளியீடுகள், கீழே ஒலிக்கலவை மேசையின் உள்ளீடுகள். அரை இயல்பிணைப்பு.

17 முதல் 20 வரை: மேலே இரு ஒலியழுத்திகள் (கம்ப்ரெசர்), இரு அலைவெண் சமன்செய்கருவிகள் (ஈக்வலைசர்) ஆகியவற்றின் வெளியீடுகள், கீழே அவற்றின் உள்ளீடுகள். திறந்த அமைப்பு.

21, 22: மேலே கலவை மேசையின் துணை வெளியீடுகள், கீழே எதிர்முழக்கக் கருவியின் உள்ளீடுகள். அரை இயல்பிணைப்பு.

23, 24: மேலே எதிர்முழக்கக் கருவியின் வெளியீடுகள், கீழே கலவை மேசையின் திரும்பு உள்ளீடுகள். அரை இயல்பிணைப்பு.

17 முதல் 20 வரை திறந்த அமைப்பாக இருப்பது இன்றியமையாதது. அங்கு இயல்பிணைப்பு இருந்தால் ஒரு கருவியின் வெளியீடு அதே கருவியின் உள்ளீட்டுக்குச் சென்று வளையமாகி, காதைத் துளைக்கும் ஊளை உண்டாகும். கடையில் வாங்கும் கால் அங்குலப் பலகைகள் பலவும் எல்லாத் துளைகளும் அரை இயல்பிணைப்பில் இருக்குமாறே வருவதால், புதிதாகக் கூடம் அமைப்போர் அடிக்கடி சந்திக்கும் பிழை இதுவே.

இவ்வமைப்பில் எட்டு ஒலிவாங்கிகளும் ஒரு கம்பிகூடச் செருகாமல் கணினியைச் சென்றடையும். கதையின் உச்சத்தில் முதன்மைப் பாடகரின் குரல் திடீரென உயர்வதால் அத்தடத்தை ஒலியழுத்தி வழியாக அனுப்ப வேண்டியுள்ளது எனக் கொள்வோம். இதற்கு இரு கம்பிகள் போதும். முதற்கம்பி 1 ஆம் மேல் துளையிலிருந்து 17 ஆம் கீழ் துளைக்குச் செல்லும். இரண்டாம் கம்பி 17 ஆம் மேல் துளையிலிருந்து 1 ஆம் கீழ் துளைக்குச் செல்லும்.

இங்கு வரிசைமுறை முக்கியமானது. முதற்கம்பியைச் செருகும்போது மேல் துளையில் மட்டும் செருகி நுழைவதால், அரை இயல்பிணைப்பின் பயனாகக் குரல் பழைய வழியிலும் தொடர்ந்து செல்லும். ஒலியழுத்திக்கு ஒலி வந்துசேர்வதை அதன் அளவைமானியில் உறுதி செய்தபின் இரண்டாம் கம்பியைச் செருகினால், பழைய வழி அறுபட்டு அழுத்தப்பட்ட குரல் பதிவாகத் தொடங்கும். இவ்வரிசையை மாற்றி இரண்டாம் கம்பியை முதலில் செருகினால், முதற்கம்பி செருகப்படும்வரை அத்தடத்தில் ஒன்றும் பதிவாகாது. கழற்றும்போது இரண்டாம் கம்பியையே முதலில் கழற்ற வேண்டும். எவ்வாறாயினும், ஒத்திகையின்போதே இணைப்புகளை முடித்துக்கொள்வது நல்லது. ஒரே மூச்சில் பாடப்படும் கதைப்பாடலை இடையில் நிறுத்தித் திரும்பப் பாடச் சொல்வது இயலாது.

வில் குடத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வில்லின் ஒலிவாங்கியும் குடத்தின் ஒலிவாங்கியும் ஒன்றன் ஒலியை மற்றொன்று மிகுதியாகப் பெறும். மேலே கூறிய முனைவுப் பிழை, இவ்விரு தடங்களில் ஒன்றில் இருந்தால் குடத்தின் முழக்கம் கலவையில் காணாமற்போய்விடும்.

பலகையின் வழியே செல்லக் கூடாதவை

ஒலிவாங்கிகளுக்கான 48 வோல்ட்டு மின்னூட்டம்: பேண்டம் பவர் எனப்படும் இது 6,800 ஓம் தடைகள் இரண்டின் வழியாக ஒலிவாங்கிக்கு வழங்கப்படுகிறது. செருகி நுழையும்போதும் வெளிவரும்போதும் முனையும் வளையமும் நொடிப்பொழுது உறையுடன் குறுக்கிணைப்பாகும். மின்னூட்டம் உள்ள தடத்தில் இவ்வாறு நேர்ந்தால் முன்பெருக்கி பழுதாகலாம். நாடா வகை ஒலிவாங்கியின் மெல்லிய உலோக நாடா நிலையாகச் சேதமுறலாம். ஒலிவாங்கித் தடங்களைப் பலகைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால் அவற்றுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, மின்னூட்டத்தை நிறுத்திச் சிறிது நேரம் கழித்தே மாற்ற வேண்டும்.

ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் திறன்பெருக்கி வெளியீடு: 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 100 வாட்டு வழங்கும் பெருக்கியின் வெளியீடு ஏறத்தாழ 28 வோல்ட்டு ஆகும். தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான ஒலிமட்டம் 1.23 வோல்ட்டு மட்டுமே.

மின்கித்தாரின் நேரடி வெளியீடு: இதன் மின்மறுப்பு மிகுதியானதால், நீண்ட கம்பியின் மின்தேக்குதிறன் உயர் அலைவெண்களை விழுங்கிவிடும்.

எண்ணிமக் கடிகாரச் சைகை: இதற்கு 75 ஓம் சிறப்பு மின்மறுப்புள்ள கம்பியும் இணைப்பியும் தேவை. சாதாரண ஒலிப்பலகை ஏற்றதன்று.

பயன்படுத்தும் முறை

கம்பி செருகுமுன் கண்காணிப்பு ஒலிபெருக்கியின் ஒலியைக் குறைக்க வேண்டும். கழற்றும்போது கம்பியை இழுக்காமல் செருகியின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். சமனிலைத் தடங்களில் மூன்று தொடுகை உள்ள கம்பிகளையே பயன்படுத்த வேண்டும்; வளையம் இல்லாத கம்பி எதிர்க்கம்பியை உறையுடன் குறுக்கிணைத்துவிடும்.

ஒவ்வொரு துளைக்கும் எண்ணும் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தத் துளை எந்தக் கருவியின் எந்த முனைக்குச் செல்கிறது, எவ்வகை இயல்பிணைப்பு, கம்பியின் எண் என்ன என்னும் அட்டவணை ஒன்றும் பலகையருகே இருக்க வேண்டும். அமைத்தவர் ஊரில் இல்லாத நாளில் கூடத்தை இயக்குவோருக்கு அவ்வட்டவணையே வழிகாட்டி. வேலை முடிந்ததும் எல்லாக் கம்பிகளையும் கழற்றிப் பலகையை வெறுமையாக்குவது நன்மரபு. அடுத்து வருபவர், கூடம் இயல்பு நிலையில் இருப்பதாக நம்பித் தொடங்க இது உதவும்.

வானொலி நிலையங்களில்

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 சூலை 23 அன்று சென்னையில் தொடங்கப்பட்டது. 1984 இல் கன்னியாகுமரி மாவட்டத் தலைநகரான நாகர்கோவிலில் தொடங்கப்பட்ட வானொலி நிலையம், உள்ளூர் வானொலி நிலையம் என்ற வகையில் இந்தியாவின் முதலாவது ஆகும். ஆகாசவாணியின் இந்நிலையம் 101 மெகாஹெர்ட்சு பண்பலையில் ஒலிபரப்புகிறது.

இத்தகைய நிலையத்தின் தேவை இசைக்கூடத்தின் தேவையினின்று வேறுபட்டது. உள்ளூர்க் கலையகத்தில் உருவாகும் நிகழ்ச்சி, பிற நிலையங்களிலிருந்து அஞ்சல் செய்யப்படும் செய்தியறிக்கை, வெளிப்புறத்திலிருந்து வரும் நேரடி நிகழ்ச்சி ஆகியவை குறித்த நொடியில் மாறி மாறிப் பரப்பிக்குச் செல்ல வேண்டும். அன்றாட மாற்றங்களை நிலைமாற்றிப் பொத்தான்களே செய்கின்றன. வானொலி நிலையத்தில் இணைப்புப் பலகை பெரும்பாலும் இடர்க்காலத்துக்கு உரியது. கலவை மேசை பழுதானால், அறிவிப்பாளரின் முன்பெருக்கி வெளியீட்டை ஒரே கம்பியால் நேராகப் பரப்பித் தடத்தின் உள்ளீட்டுக்குக் கொடுத்து ஒலிபரப்பைத் தொடரலாம்.

கடல் எச்சரிக்கைக்கு மீனவர்கள் வானொலியைச் செவிமடுக்கும் கடற்கரை மாவட்டத்தில் ஒலியற்ற நிமிடம் என்பது வெறும் தொழில்நுட்பக் குறை அன்று. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இம்மாவட்ட மீனவர்களுக்கு ஏற்படுத்திய பேரிழப்பு, எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்றடைவதன் இன்றியமையாமையைக் காட்டியது.

கடலோரப் பகுதிகளில் பராமரிப்பு

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுகிறது. ஈரப்பதமும் கடற்காற்றின் உப்பும் உலோகத் தொடுகைகளை அரிக்கின்றன. முதலில் பழுதாவது இயல்பிணைப்புத் தொடுகையே. அடிக்கடி பயன்படும் துளையில் செருகியின் உராய்வு தகட்டைத் தூய்மையாக்கிவிடும். இயல்பிணைப்புத் தொடுகைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் வழியே செல்லும் மின்னோட்டமும் மிகச் சிறிது என்பதால் மேற்படிந்த ஆக்சைடு, சல்பைடு படலத்தை அது உடைப்பதில்லை. கம்பியே செருகாமல் நம்பியிருக்கும் தடம்தான் முதலில் கைவிடும் என்பது இதன் முரண்.

இதன் அறிகுறி தெளிவானது. ஒரு தடத்தில் ஒலி மெலிந்தோ, கரகரத்தோ, நின்றோ போகும். அத்துளையில் ஒரு செருகியைச் செருகி எடுத்தவுடன் சரியாகிவிடும். இவ்வாறு சரியானதும் பலரும் அதை மறந்துவிடுகின்றனர். உண்மையில் அது, அத்தொடுகையைத் தூய்மை செய்ய வேண்டும் என்பதற்கான எச்சரிக்கையாகும். பின்வரும் பழக்கங்கள் பயன்தரும்:

1. மாதம் ஒருமுறை எல்லாத் துளைகளிலும் செருகியைச் சிலமுறை செருகி எடுத்தல்.
2. தொடுகைத் தூய்மைத் திரவத்தை மிகச் சிறிதளவு பயன்படுத்துதல். மிகுந்தால் தூசு படியும்.
3. பித்தளைச் செருகிகளை மெருகுத் துணியால் துடைத்து, மெருகுப்பொருள் எஞ்சாதவாறு தூய்மை செய்தபின் செருகுதல்.
4. உப்புத்தாளால் தேய்க்காதிருத்தல். அது தொடுகையின் மேற்பூச்சை அகற்றிவிடும்.
5. குளிரூட்டியை நிறுத்தியபின் ஈரக்காற்று நேரடியாக உள்ளே புகாதவாறு அறையை மூடி வைத்தல்.

பழுதறிதல்

ஒரு தடத்தில் ஒலி வராதபோது, பழுது எங்கே என்பதைப் பலகையைக் கொண்டே கண்டறியலாம். பழுதான தடத்தின் மேல் துளையிலிருந்து, நன்கு இயங்கும் வேறொரு தடத்தின் கீழ் துளைக்குக் கம்பி செருக வேண்டும். அங்கே ஒலி வந்தால் வெளியீட்டுப் பகுதி சரியாக உள்ளது. வராவிட்டால் பழுது அப்பகுதியிலேயே உள்ளது. ஒலி வந்தால், அடுத்து அதே மேல் துளையிலிருந்து அதே தடத்தின் கீழ் துளைக்குக் கம்பி செருக வேண்டும். இப்போது ஒலி வருமாயின் பழுது இயல்பிணைப்புத் தொடுகையில் உள்ளது. வராவிடில் பெறும் கருவியையோ அதற்குச் செல்லும் கம்பியையோ ஐயுற வேண்டும். பதிவு நடந்துகொண்டிருந்தால், அக்கம்பியை அப்படியே விட்டுவைத்து வேலையைத் தொடர்ந்து, பின்னர் தொடுகையைத் தூய்மை செய்யலாம்.

எண்ணிம மாற்றுகள்

கணினிவழிப் பதிவு பரவியபின் பெரும்பாலான இணைப்புகள் மென்பொருளிலேயே செய்யப்படுகின்றன. கணினி வலையமைப்புக் கம்பியில் பல ஒலித்தடங்களை அனுப்பும் டான்டே போன்ற முறைகளில் திரையில் உள்ள கட்டங்களைச் சொடுக்கி வழிகளை மாற்றலாம். அமைப்பைச் சேமித்து மீட்கவும் இயலும். ஆயினும் ஒலிவாங்கி முன்பெருக்கி, ஒலியழுத்தி போன்ற ஒப்புமைக் கருவிகளை விரும்பும் கூடங்களில் இணைப்புப் பலகை இன்றும் தொடர்கிறது. மின்சாரமோ மென்பொருளோ இன்றி இயங்குவதும், எந்த ஒலி எங்கே செல்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதும் இதன் சிறப்புகளாகும். மென்பொருளில் வழி அமைப்போரும் வெளியீடு, உள்ளீடு, இயல்பு நிலை, பகிர்தல், கலத்தல் ஆகிய இக்கருத்துகளையே கையாள்கின்றனர்.